எந்த நிபந்தனைக்கும் தயார் என்று எழுதுகிறவர்களுக்கு

நம் தமிழ் வக்கீல்கள் கைபேசிக் குழுவில் தினமும் சாயங்காலம் யாராவது ஒருவர் 'பெயில் கிராண்டட்' என்று எழுதுகிறீர்கள். அதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டல்கள், பூங்கொத்துகள். போன வாரம் ஒருவர் பட்டாசுப் படம்கூடப் போட்டிருந்தார். நான் கறுப்புக் கோட்டைக் கழற்றி மாட்டி நாளாகிவிட்டது. இருந்தாலும் என்னைக் குழுவிலிருந்து நீக்க உங்களில் ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை. அதன் பலனை இப்போது அனுபவியுங்கள்.

ஒரே ஒரு கேள்வி. ஆள் வீட்டுக்கு வந்துவிட்டாரா?

இதைக் குழுவிலேயே ஒருமுறை கேட்டேன். 'அதெல்லாம் ஃபார்மாலிட்டி மேடம்' என்று பதில் வந்தது. எழுதியவர் நல்ல பிள்ளைதான், பெயர் சொல்ல மாட்டேன். ஜாமீன்தாரர், ரொக்கம், சிறைக்குப் போக வேண்டிய கடிதம் எல்லாம் அவருக்கு ஃபார்மாலிட்டி. உள்ளே கிடக்கிற மனிதருக்கும் அப்படித்தானா என்று அவர் விசாரித்திருக்க மாட்டார். அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படியுங்கள். தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்கள் அம்மாவையோ அப்பாவையோ பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வசதிக்காக வங்காளத்தில் எழுதித் தரும் உத்தேசம் எனக்கில்லை.

கரியாஹாட் நடைபாதையில் சுடலைமுத்து என்று ஒருவர் தோசைக்கடை வைத்திருந்தார். தென்காசிப் பக்கத்து ஆள். இங்கே வந்து பல வருடமாகி, அண்ணனுக்கு வங்காளிகள் சேர்க்கிற 'தா' அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டு முத்து-தா ஆகிவிட்டார். மனைவி பேச்சியம்மாள் சட்னி அரைப்பார், தட்டுக் கழுவுவார், சாம்பார் இனிப்பாக இல்லை என்று குறை சொல்கிறவர்களோடு சுத்தமான வங்காளத்தில் சண்டை போடுவார். கடை என்றால் ஒரு கல், ஒரு அடுப்பு, மேலே ஒரு நீலப் படுதா. அவ்வளவுதான் அவர்கள் சொத்து.

கரியாஹாட் நடைபாதையில் இடத்துக்குப் பத்திரம் கிடையாது. அங்கே நிற்கிறவர்தான் சொந்தக்காரர். சில நாள் படுதா விரிக்காமல் விட்டால் இந்தப் பக்கத்துக்காரர் ஒரு சாண் நகர்வார், அந்தப் பக்கத்துக்காரர் ஒரு சாண் நகர்வார். துர்கா பூஜை நெருங்கும் நேரமென்றால் சாண் கணக்கெல்லாம் இல்லை, முழுசாகவே விழுங்கிவிடுவார்கள். திரும்பி வந்து பார்த்தால் அங்கே ஒரு கடை இருந்தது என்று சொல்ல நாதி இருக்காது.

பூஜைக்குச் சில வாரம் இருக்கும்போது முத்துவுக்கும் பக்கத்து மோமோ கடைக்காரருக்கும் படுதாக் கயிற்றை எங்கே கட்டுவது என்று தகராறு. கைகலப்பானது. விலக்க வந்த காவலர் ஒருவர் மேல் தோசைக்கல் சரிந்து புறங்கையைச் சுட்டுவிட்டது. யார் தள்ளினார்கள் என்று அந்தக் கல்லுக்குத்தான் தெரியும். ஆனால் கல் முத்துவுடையது, ஆகவே குற்றமும் முத்துவுடையது. பணியில் இருந்த அரசு ஊழியரைக் காயப்படுத்தினார் என்று வழக்குப் போட்டு அழைத்துப் போனார்கள். கயிற்றின் மறுமுனையைப் பிடித்து இழுத்த மோமோக்காரர் கை துடைத்துக்கொண்டு சாட்சியாகிவிட்டார்.

கோர்ட் வாசலில் பேச்சியம்மாளைப் பிடித்தவர் நம் தொழிலில் பேர்போன ஒருவர். உங்களில் சிலர் இன்றைக்கும் அவரிடம் ஜூனியர், அதனால் அடையாளம் வேண்டாம். அவர் போட்ட ஜாமீன் மனுவின் கடைசி வரி இது: 'நீதிமன்றம் விதிக்கும் எந்த நிபந்தனைக்கும் மனுதாரர் தயாராக இருக்கிறார்.' உங்களுக்குத் தெரியாத வரியா? உங்கள் கம்ப்யூட்டரில் அது நிரந்தரமாகக் குடியிருக்கிறது. மேலே பெயரையும் காவல் நிலையத்தையும் மாற்றுகிறீர்கள், அந்த வரியை மாற்றுவதில்லை. அப்படி எழுதினால் மாஜிஸ்திரேட் மனம் இளகுவார் என்று யாரோ ஒரு புண்ணியவான் என்றைக்கோ சொல்லிவைத்தார், அன்றிலிருந்து நம் வட்டாரம் முழுக்க அதை மந்திரம்போல் ஒப்பிக்கிறது. கட்சிக்காரரிடம் 'ஐயா, நீங்கள் எதற்குத் தயார், எதற்குத் தயாரில்லை' என்று கேட்ட வக்கீலை நான் பார்த்ததில்லை. முத்துவையும் யாரும் கேட்கவில்லை. கரைத்து வைத்த மாவு புளித்துப் போவதற்குள் வீட்டுக்குப் போவதற்கு மட்டும்தான் அவர் தயாராக இருந்தார்.

எந்த நிபந்தனைக்கும் தயார் என்று நாமே எழுதிக் கொடுத்தால் மாஜிஸ்திரேட் என்ன செய்வார்? சுட்டது போலீஸ்காரர் கை. சும்மா விட்டால் பேச்சு வரும். ஜாமீன் கொடுத்தார், ரொக்கமாகக் கட்ட வேண்டும் என்றார், கட்டும்வரை சிறை என்று முடித்தார். தொகையை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் உங்களில் பாதிப் பேர் 'இவ்வளவுதானா' என்பீர்கள், அதைக் கேட்கும் பொறுமை எனக்கு இல்லை. பேச்சியம்மாளிடம் அது இல்லை என்பது போதும்.

வக்கீல் வெளியே வந்து ஆகிவிட்டது, ஆகிவிட்டது என்று கையை உயர்த்தினார். பீஸ் வாங்கிக்கொண்டார். பேச்சியம்மாள் செலவிலேயே சந்தேஷ் இனிப்பு வாங்கிவரச் சொல்லி, நின்றவர் போனவர் எல்லோருக்கும் கொடுத்தார். பேச்சியம்மாள் கையிலும் ஒன்றை வைத்தார்கள். அவர் அதைத் தின்றுவிட்டு, புருஷன் இதோ வந்துவிடுவார் என்று சிறை வாசலில் போய் இருட்டும்வரை நின்றிருக்கிறார். வாசலில் இருந்த காவலர்தான் பணம் கட்டியாயிற்றா என்று கேட்டாராம்.

மறுநாள் யாரோ என் பெயரைச் சொல்ல, பேச்சியம்மாள் பஸ் மாறி மாறி சால்ட் லேக்கில் என் வீட்டைத் தேடி வந்துவிட்டார். நான் அப்போது கோட்டைக் கழற்றியிருக்கவில்லை, தொழிலில்தான் இருந்தேன்.

"வக்கீலம்மா, ஜாமீன் குடுத்தாச்சுன்னு இனிப்பு குடுத்தாவ. நானும் தின்னேன். பெறவு ஏன் அவுகள வெளிய விட மாட்டேங்காவ?"

"பணம் கட்டணும்னு அந்த வக்கீல் சொல்லலையா?"

"வெளிய வந்த பெறவு கட்டுறதாக்கும்னு நெனச்சேன். உள்ள கெடக்குற மனுசன் எப்பிடி சம்பாரிச்சுக் கட்டுவாரு?"

காபி கொடுத்தேன். பாதி குடித்தவர் தம்ளரைக் கீழே வைத்தார்.

"மோமோக்காரன் எடத்தக் கேக்கான். பூசைக்கு முன்னால குடுத்தா நல்ல வெல தாரேங்கான்."

"கொடுத்துடாதேம்மா."

"குடுக்க மாட்டேன். எங்களுக்கு வேற என்ன இருக்கு? ஆனா நான் அங்க நின்னா கோர்ட்டுக்கு வர முடியல. கோர்ட்டுக்கு வந்தா, அதுக்குள்ள அவன் கூடையக் கொண்டாந்து எங்க எடத்துல வச்சிருதான்."

அதுதான் அந்த வழக்கு. புருஷன் வேண்டும், இடமும் வேண்டும். ரொக்கம் என்ற அந்த ஒரு நிபந்தனை போய்விட்டால் இரண்டும் நிற்கும். போகாவிட்டால் ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றை மீட்க வேண்டும்.

ரொக்க நிபந்தனையை நீக்கி, சொந்தப் பொறுப்பிலும் ஒரு ஆள் ஜாமீனிலும் விடச் சொல்லி மனுப் போட்டேன். சட்டம் இதில் ஒன்றும் மூடுமந்திரமாகப் பேசவில்லை. ஜாமீன் தொகை மிகையாக இருக்கக் கூடாது என்கிறது. கட்ட முடியாமல் ஒருவர் உள்ளேயே கிடந்தால் நிபந்தனையை மறுபடி பாருங்கள் என்று மேல் நீதிமன்றங்கள் வாய் வலிக்கச் சொல்லிவிட்டன. நாமும் அந்தத் தீர்ப்புகளைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

அடுத்த நாள் பெஞ்ச் கிளார்க்கிடம் போய்க் கேட்டேன். மனு என்ன ஆனது?

"ரெக்கார்ட்ல வச்சாச்சு தீதி," என்று வங்காள வழக்கப்படி அக்கா போட்டுச் சொன்னார். "பூஜை லீவு முடிஞ்சு தேதி வரும்."

"ஆள் உள்ளே இருக்காரே?"

"பெயில் ஆன கேஸ்தானே? பெயில் ஆன கேஸுக்கெல்லாம் லாங் டேட்தான். எப்பவும் அப்படித்தான்."

'ரெக்கார்டில் வை.' நம் கோர்ட்டின் மகத்தான கண்டுபிடிப்பு இது. மனுவை ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அது வழக்குக் கட்டுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். ஜாமீன் உத்தரவு வந்த நிமிடமே கட்டு அவசரமில்லாத அடுக்குக்கு மாறிவிடும், ஆள் எங்கே இருக்கிறார் என்று யாரும் பார்ப்பதில்லை. காகிதத்தில் முத்து கரியாஹாட்டில் தோசை சுட்டுக்கொண்டிருந்தார். வரிசையில் நின்று சிறைச்சோறு வாங்கியது வேறு யாரோ போலும்.

வக்கீல்கள் கூடும் பார் அறையில் போய்க் கத்தினேன். 'பொறுமை, மேடம், பொறுமை' என்றார்கள். பொறுமையை உபதேசித்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் அன்றிரவு சொந்தக் கட்டிலில் படுத்துத் தூங்கினார்கள். ஒரு மேதாவி மட்டும் 'ஹைகோர்ட்டுக்குப் போங்களேன்' என்றார். எந்த உத்தரவை எதிர்த்துப் போவது? கீழே இன்னும் பார்க்கவே இல்லையே, பார்க்கட்டும், பிறகு வாருங்கள் என்று திருப்பி அனுப்புவார்கள். மறுத்தால் மேலே போகலாம். மறுக்காமல் வைத்துக்கொண்டால் போக வழியே இல்லை. இதைப் புரிந்துகொண்டவர் அந்த அறையில் யாரும் இல்லை, அல்லது புரிந்துகொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

மனுவை முன்கூட்டி எடுக்கச் சொல்லி மறுபடி போட்டேன். ஒருமுறை மாஜிஸ்திரேட் லீவு. ஒருமுறை கட்டு கிடைக்கவில்லை. ஒருமுறை எல்லாம் கூடிவந்தது, அரசு வக்கீல் எழுந்து, தனக்கு ஆட்சேபம் உண்டா இல்லையா என்று யோசிக்க அவகாசம் வேண்டும் என்றார். கொடுத்தார்கள்! ஒவ்வொரு முறையும் பேச்சியம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தார், ஒவ்வொரு முறையும் திரும்பிப் போய் மோமோக்காரரின் கூடையைத் தள்ளிவைத்தார்.

இப்படியே பூஜை விடுமுறைக்கு முந்தைய கடைசி வேலை நாள் வந்துவிட்டது. விடுமுறையில் உட்காருகிற மாஜிஸ்திரேட் புதிதாகப் பிடித்து வருகிறவர்களைத்தான் பார்ப்பார், பழைய கட்டைத் தொட மாட்டார். அன்றைக்கு நடக்காவிட்டால் பூஜையெல்லாம் முடிந்துதான். சாந்த்ராகாச்சி ரயில் யார்டில் வேலை பார்க்கும் அவர்கள் ஊர்க்காரர் ஒருவர், ஜாமீன்தாரராக நிற்க லீவு போட்டுவிட்டுக் காலையிலேயே வந்து என் பின்னால் உட்கார்ந்திருந்தார். கோர்ட் கூடியதும் எழுந்து கேட்டேன்.

"செகண்ட் ஹாஃப்ல பார்க்கலாம்," என்றார் மாஜிஸ்திரேட்.

செகண்ட் ஹாஃப் என்றால் சாப்பாட்டுக்குப் பிறகு. சில நாள் அந்தப் பாதி வரும், சில நாள் வராமலே போகும். வெளியே வந்து பேச்சியம்மாளுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். இடத்தை விட்டு வராதே என்றேன். கண்டிப்பா இன்னைக்கு ஆயிருமா என்று கேட்டார். உறுதியாகச் சொல்ல முடியாதும்மா என்றேன். அதுதான் உண்மை, வேறென்ன சொல்வது? உள்ளே போய்ப் போனை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

அதிசயமாக அன்றைக்கு இரண்டாம் பாதி வந்தது. அங்கே நடந்தது வங்காளமும் ஆங்கிலமுமாக. தமிழில் சொல்கிறேன்.

"மேடம், உங்க ஆளுக்குத்தான் பெயில் குடுத்தாச்சே. என்ன அவசரம்?"

"குடுத்தீங்க சார். அவர் இன்னும் ஜெயில்லதான் இருக்கார்."

மாஜிஸ்திரேட் கிளார்க்கைப் பார்த்தார். கிளார்க் மின்விசிறியைப் பார்த்தார்.

"எந்த நிபந்தனைக்கும் தயார்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

"அதை எழுதின வக்கீல் தயாரா இருப்பார் சார். அவரை உள்ளே அனுப்பிட்டு இவரை விட்டுடுங்க."

கோர்ட் சிரித்தது. மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை.

"சரி. லீவு முடிஞ்ச முதல் நாளே எடுக்கறேன். போதுமா?"

இளைஞர்களே, இந்த இடத்தைக் கவனியுங்கள். இதுதான் நம்மவர்கள் தலை வணங்கி, நன்றி சொல்லி, சால்வை வாங்கிக்கொண்டதுபோல் திரும்புகிற இடம். முதல் நாளே எடுக்கிறேன் என்று மாஜிஸ்திரேட்டே வாய்விட்டுச் சொல்லிவிட்டார், இதைவிட என்ன மரியாதை வேண்டும்? உட்கார்ந்திருந்தால் அவருக்கும் என்மேல் வருத்தமில்லை. என்னுடைய மற்ற வழக்குகள் அதே மேஜையில்தான் இருந்தன. பின்னால் இருந்த வக்கீல் என் கோட்டைப் பிடித்து இழுத்தே பார்த்தார்.

"போதாது சார்," என்றேன். "என் மனுவை இப்பவே தள்ளுபடி பண்ணிடுங்க."

"என்ன சொல்றீங்க?"

"இல்லைன்னு எழுதிக் குடுங்க. பணம் கட்ட வழியில்லாதவர் பூஜை முடியறவரைக்கும் உள்ளேயே இருக்கட்டும்னு, காரணம் போட்டு எழுதுங்க. அதை எடுத்துக்கிட்டு நான் மேலே போறேன். ரெக்கார்ட்ல வைன்னு எழுதினதை எடுத்துக்கிட்டு எங்கே போறது?"

மாஜிஸ்திரேட் பேனாவை மூடினார், திறந்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். மறுக்க வேண்டுமென்றால் காரணம் எழுத வேண்டும், எழுத உட்கார்ந்தால் காரணம் எதுவும் இல்லை, அது அவருக்கும் தெரிந்துவிட்டது. அரசு வக்கீலைப் பார்த்தார். இத்தனை நாள் யோசித்த அந்தப் பெருமகன் எழுந்து, கோர்ட் முடிவுக்கே விட்டுவிடுகிறேன் என்று சொல்லி உட்கார்ந்தார். ரொக்க நிபந்தனை நீக்கம், சொந்தப் பொறுப்பு, ஒரு ஜாமீன்தாரர். சொல்லி முடிக்க ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. இதற்குத்தான் அத்தனை நாள்.

கையெழுத்துக்காகக் காத்து நிற்கும்போது பேச்சியம்மாள் மூச்சிரைக்க உள்ளே வந்தார். ஒரு மஞ்சள் பையை இடுப்போடு சேர்த்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"கொண்டாந்துட்டேன் வக்கீலம்மா. கவுண்டர் மூடுறதுக்குள்ள எங்க கட்டணும்னு சொல்லுங்க."

"என்னது இது?"

"எடத்தக் குடுத்துட்டேன். நீங்க ரெண்டாவது பாதின்னு சொன்னியள்லா. உறுதியில்லன்னும் சொன்னிய. இன்னைக்கு விட்டா பூசை முடிஞ்சுதான்னு எல்லாரும் சொன்னாவ. ஒங்களுக்கு எத்தன தடவ போன் போட்டேன், அணைஞ்சு கெடந்துச்சு."

உத்தரவைச் சொன்னேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. "அப்ப இது வேண்டாமா?" என்று பையை நீட்டினார். வேண்டாம் என்றேன். பிறகு புரிந்தது. அழவில்லை. பையை மறுபடி இடுப்போடு வைத்துக்கொண்டு, "அவுக இன்னைக்கே வந்துருவாவல்லா?" என்று கேட்டார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. யார்மேல் என்று கேட்டால், அந்த அறையில் இருந்த அத்தனை பேர் மேலும். அந்த நேரம் பார்த்து ஒருவர் என் தோளைத் தட்டி, "கங்கிராட்ஸ் தீதி! சந்தேஷ் எங்கே?" என்றார். அவருக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

முத்து அன்று சாயங்காலமே வெளியே வந்தார். மூன்று பேருமாக நேரே கரியாஹாட்டுக்குத்தான் போனோம். நீலப் படுதா இருந்த இடத்தில் மோமோப் பாத்திரங்கள் ஆவி விட்டுக்கொண்டிருந்தன. பணத்தைத் திருப்பிக் கொடுக்கிறோம் என்றேன். "நாலு பேர் முன்னாடி குடுத்தாங்க, வாங்கினேன் தீதி," என்றார் மோமோக்காரர். தப்பாகவும் பேசவில்லை, மரியாதைக் குறைவாகவும் பேசவில்லை. அந்தப் பணம் வாடகைக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குமாக மெல்ல மெல்லக் கரைந்துபோனது.

நான் வாங்கிய உத்தரவு சரியான உத்தரவு. ஒரு எழுத்தில் குற்றம் சொல்ல முடியாது. முதல் மனுவிலேயே வந்திருக்கலாம். யோசிக்க அவகாசம் கேட்ட அன்று வந்திருக்கலாம். போகட்டும், அந்தக் கடைசி நாள் காலையில் வந்திருந்தால்கூடப் போதும். விசாரிக்கப்படும் உரிமை இருக்கிறது என்று மேடையில் பேசுகிறீர்களே, சட்டென்று விசாரித்தால்தான் அது உரிமை. தாமதமாக வந்த நியாயத்துக்குச் சந்தேஷ் கேட்கிற வெட்கங்கெட்ட கூட்டமாக நாம் ஆகிவிட்டோம். இன்றைக்கே உங்கள் கம்ப்யூட்டரைத் திறந்து அந்தக் கடைசி வரியை அழியுங்கள். அடுத்த முறை ரெக்கார்டில் வைக்கிறேன் என்று யாராவது சொன்னால், வைக்காதீர்கள், மறுத்து எழுதுங்கள் என்று கேளுங்கள். கேட்டால் யாரும் உங்களைக் கடித்துவிட மாட்டார்கள்.

வழக்கு பிறகு என்ன ஆனது என்று கேட்பீர்கள். விடுதலை. சாட்சிக் கூண்டில் ஏறிய மோமோக்காரர், கல்லை யார் தள்ளினார்கள் என்று தான் பார்க்கவே இல்லை என்று சொல்லிவிட்டார். மனசாட்சி விழித்துக்கொண்டது என்று நினைக்காதீர்கள். அதற்குள் அவர் மோமோவோடு தோசையும் போட ஆரம்பித்திருந்தார், கல்லில் நிற்பதற்கு அவருக்கு ஆள் வேண்டியிருந்தது.

முத்து-தா இன்றும் அதே இடத்தில்தான் தோசை சுடுகிறார். பேச்சியம்மாள்தான் சட்னி அரைக்கிறார். நீங்கள் அந்தப் பக்கம் போனால் கட்டாயம் சாப்பிடுங்கள். காசை மட்டும் முத்துவிடம் நீட்டாதீர்கள். அவர் வாங்க மாட்டார், பக்கத்தில் கல்லாவில் உட்கார்ந்திருப்பவரைக் கரண்டியால் காட்டுவார்.